யாரோடு போவது

புயல் எச்சரிக்கையில் ஒரு வாக்கியம் உண்டு. கீழைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு அது மனப்பாடம். ‘தாழ்வான பகுதிகளில் வசிப்பவர்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ முன்பு வானொலியில் வந்தது. பிறகு தொலைக்காட்சியின் அடிப்பட்டையில் ஓடிற்று. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிப்போனார்கள். இப்போது கைபேசியிலும் வந்து விழுகிறது. சொற்கள் கொஞ்சம் முன்பின் மாறலாம், வாக்கியம் ஒன்றுதான்.

ஒரு கவிதை வரிக்குத் தருகிற கவனத்தை இந்த வாக்கியத்துக்கும் தந்து பார்க்கலாம் என்று எனக்குப் படுகிறது. அதைவிடக் கூடுதலான உயிர்கள் இதைச் சார்ந்திருக்கின்றன என்பதால். முதலாவதாக, இதில் கேட்டுக்கொள்வது யார் என்பது இல்லை. செயப்பாட்டு வினை அவரை மறைத்துவிட்டது. அடுத்து, பாதுகாப்பான இடம் எது, எவ்வளவு தூரம், அங்கே போனால் படுக்க இடம் உண்டா என்பவை இல்லை. இவையெல்லாம் அரசாங்க மொழியின் பொதுக்குணம் என்று பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது ‘செல்லுமாறு’ என்ற சொல். செல் என்பது தன்வினை. செல்கிறவருக்குக் கால்கள் வேண்டும். கால்கள் மட்டும் போதாது. கைகள் காலியாக இருக்க வேண்டும். இடுப்பில் குழந்தையோ, கட்டிலில் கிடக்கும் மாமியாரோ, கொட்டகையில் கட்டிய ஆடோ இருக்கக் கூடாது. இந்த வாக்கியம் மனசில் வைத்துப் பேசுகிற மனிதன் முப்பது வயசு ஆண். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடக் கூடியவன். அவனுக்கு எச்சரிக்கை அவ்வளவாகத் தேவையே இல்லை. கடைசி நேரத்தில்கூட அவன் ஓடித் தப்பித்துக்கொள்வான்.

தன்வினையை விட்டுப் பிறவினைக்கு வந்தால் வேறொரு சங்கடம். வெளியேறு என்பதன் பிறவினை வெளியேற்று. ‘கடலோரக் கிராமங்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர்’ என்று புயலன்று பத்திரிகை எழுதுகிறது. வாய்க்கால் ஓரத்துக் குடிசைகளைப் புல்டோசர் இடித்த அன்றும் அதே பத்திரிகை அதே சொல்லைத்தான் எழுதுகிறது. இன்னொரு சொல், அப்புறப்படுத்துதல். குப்பைக்கும் ஆக்கிரமிப்புக்கும் புயலில் மாட்டிக்கொண்ட கிழவிக்கும் பொதுவாகப் புழங்குகிறது. இது வெறும் அகராதிச் சிக்கல் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில் வந்த தமிழக அரசாணை ஒன்று, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அப்பால் போனால் புதுவீடு, போகாவிட்டால் தங்கள் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது என்றது. உயிர்ப் பாதுகாப்பு என்ற காரணம் அதற்கு உண்டு. ஆனால் கரையை விட்டால் கடலை விட்ட மாதிரிதான் என்று தெரிந்த ஒரு மீனவக் குடும்பத்தின் காதில், அதற்கப்புறம் ‘வாருங்கள், ஒரு ராத்திரிக்குத்தான்’ என்ற அழைப்பு எப்படி விழும்? இரண்டு வெளியேற்றங்களுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற சமூகம், ஒன்றின் பயத்தை இன்னொன்றின் மேல் படிய விடுகிறது.

இப்படிச் சொல்வதால் புயலுக்கு முன் மக்களை நகர்த்தும் காரியத்தையே நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் வங்காள விரிகுடாவைச் சுற்றி நடந்திருப்பது சாமானியக் காரியமில்லை. 1970 நவம்பர் 12ஆம் தேதி இரவு, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த பகுதியில் புயலும் கடலேற்றமும் கொண்டுபோன உயிர்கள் 3 லட்சத்துக்குக் குறையாது. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் திவிசீமையில் கடல் உள்ளே புகுந்தபோது செத்தவர்கள் ஏறக்குறைய 10 ஆயிரம். 1999 அக்டோபர் 29இல் ஒடிஸாவில் மறுபடியும் ஏறக்குறைய 10 ஆயிரம். அதன் பிறகுதான் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. 2013 அக்டோபரில் பைலின் புயலுக்கு முன் ஒடிஸாவில் ஏறத்தாழ 10 லட்சம் பேரை நகர்த்தினார்கள். சாவு ஐம்பதை எட்டவில்லை. 2019 மே 3 அன்று பூரி அருகே ஃபானி கரையேறியபோது 12 லட்சம் பேர் நகர்த்தப்பட்டிருந்தார்கள்; ஒடிஸாவில் செத்தவர்கள் 64 பேர். 2020 மே மாதம் அம்பன் வந்தபோது வங்கதேசம் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை நகர்த்தியது. லட்சங்களில் எண்ணப்பட்ட சாவு பத்துகளுக்கு இறங்கியிருக்கிறது. இதைக் கேலி பேசுகிறவன் மூடன்.

ஆனால் இந்த எண்களுக்குள் புகுந்து, செத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 1991 ஏப்ரல் 29இல் சிட்டகாங் கரையைத் தாக்கிய புயலில் 1,38,000 பேர் அளவில் இறந்தார்கள். அதற்கப்புறம் ஆய்வாளர்கள் சிலர் தப்பிப் பிழைத்த குடும்பங்களிடம் போய் விசாரித்து, 1993இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. செங்கல் அல்லது கான்கிரீட் கட்டிடத்துக்குள் ஒதுங்கியவர்களில், அவர்கள் விசாரித்த அளவில், ஒருவர்கூடச் சாகவில்லை. ஒதுங்க முடியாமல் போனவர்களில் ஏறக்குறைய 22 சதவீதம் பேர் செத்தார்கள். வயசுவாரியாகப் பார்த்தால் அதிகம் செத்தவர்கள் பத்து வயசுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளும் நாற்பது வயசுக்கு மேற்பட்ட பெண்களும். முன்னவர்களில் நூற்றுக்கு 26, பின்னவர்களில் நூற்றுக்கு 31.

ஆகக்கூடி, உயிருக்கும் சாவுக்கும் இடையில் இருந்தது வீட்டுக்கும் ஒரு செங்கல் சுவருக்கும் இடைப்பட்ட தூரம்தான். அந்தத் தூரம் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. வரைபடத்தில் அரைக் கிலோமீட்டர் என்றிருப்பது ஒருத்தனுக்கு எட்டு நிமிஷம், இன்னொருத்திக்கு முடிவில்லாதது. தூரம் என்பது நிலத்தின் குணம் மட்டுமில்லை, உடம்பின் குணமும்கூட. அன்று பெண்கள் பின்தங்கியதற்குப் பலரும் எழுதிவைத்திருக்கும் காரணங்கள் இவை: புருஷன் வரட்டும் என்று காத்திருந்தது, குழந்தைகளை விட்டு நகர முடியாமை, அந்நிய ஆண்களோடு ஒரே கூடத்தில் ஒரு ராத்திரி கழிக்கத் தயக்கம், அங்கே தனிக் கழிப்பறை இல்லாதது. எச்சரிக்கை காதில் விழாததனால் மட்டும் அவர்கள் தங்கிவிடவில்லை.

இந்தக் கடைசிக் காரணத்தை நான் புள்ளிவிவரமாக மட்டும் அறிந்தவனில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம் பக்கத்தில், உப்பளத்தை ஒட்டிய ஊர் ஒன்றில் என் அத்தையோடு இருந்தேன். அவளுக்கு அப்போது 81 வயசு. இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து வாசல்வரை வருவாள். ஓட்டு வீடு. இரண்டு ஆடுகள். பிள்ளைகள் வெளியூரில். புயல் முதலில் வடக்கே போவதாகப் பேச்சிருந்தது. அப்புறம் தெற்கே இறங்கியது. திருவாரூரிலிருந்து 14ஆம் தேதியே நான் போய்விட்டேன்.

15ஆம் தேதி காலையிலிருந்து மைக் கட்டிய ஆட்டோ இரண்டு தடவை வந்துபோயிற்று. அத்தை அசையவில்லை. அவள் சொன்ன காரணம் இது:

“எழுபத்தேழு புயல்ல இதே வீட்டுலதான் தம்பி இருந்தேன். ஓடு நாலு போச்சு. செவுரு நின்னுச்சுல்ல?”

1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயலைச் சொல்கிறாள். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் செத்தார்கள். அத்தை பிழைத்தாள், அதனால் அவளுக்கு அது, வீட்டில் தங்கினால் பிழைக்கலாம் என்பதற்கான அத்தாட்சி. எதிர்ச்சாட்சி சொல்ல வேண்டியவர்கள் உயிரோடு இல்லை. அனுபவம் என்று நாம் கொண்டாடுகிற விஷயத்தில் எப்போதுமே இந்தக் கோளாறு உண்டு. பிழைத்தவர்களின் அனுபவம் மட்டுமே நமக்கு வந்து சேருகிறது. போதாக்குறைக்கு, 2016 டிசம்பரில் நடா என்ற புயல் இதே கரைக்கு வரப்போகிறது என்று ஊரே பரபரப்பாக இருந்து, கடைசியில் அது வலுவிழந்து மழையாகக் கடந்துபோயிற்று. வராத புயலும் ஜனங்களுக்குப் பாடம் கற்றுக்கொடுத்துவிடுகிறது, தவறான பாடம்.

ஆனால் அத்தையின் உண்மையான காரணம் எழுபத்தேழு இல்லை. மத்தியானம் சோறு போட்ட பிறகு கவனித்தேன்: கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த செம்புத் தண்ணீர் காலையில் வைத்த அளவிலேயே இருந்தது. “ஏன் அத்தே, தண்ணி குடிக்கல?” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

“குடிச்சா போகணும்ல. அங்க குந்துற கக்கூஸு. எனக்குக் குந்த வருமா?”

அதாவது, போக மாட்டேன் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தவள், எங்கே போக நேர்ந்துவிடுமோ என்று காலையிலிருந்தே தன் உடம்பைத் தயார் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். முகாம் என்று சொல்லப்பட்ட பள்ளிக்கூடத்தின் கழிப்பறைக்கு மூன்று படி ஏற வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு ராத்திரி முழுக்க, ஊரார் பார்க்க, யாரையாவது பிடித்துக்கொண்டு அங்கே போய், குந்த முடியாமல் அவமானப்படுவதா, இங்கேயே காற்றில் சாவதா என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். முன்னது நிச்சயம், பின்னது ஒருவேளை. அதிகாரிகள் இதைப் பிடிவாதம் என்பார்கள். அறியாமை என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அது ஒரு சுத்தமான தர்க்கமாகத்தான் தெரிந்தது. அதில் பிழை ஏதாவது இருந்தால் அது கழிப்பறையைக் கட்டினவர்களுடைய பிழை.

மூன்று மணிவாக்கில் கிராம உதவியாளர் வந்தார். ஊரில் இன்றும் தலையாரி என்றுதான் சொல்வார்கள். கூடவே ஒரு குட்டி யானை வண்டி. உள்ளே வந்து, புயலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த கமோடு நாற்காலியைப் பார்த்தார்.

“பெரியம்மா, நாக்காலியோட வாங்க. அத விட்டுட்டு வரச் சொல்லல. பின்னால ஒரு ரூமு இருக்கு, பொம்பளைங்க மட்டும். திரை கட்டச் சொல்லிட்டேன்.”

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “ஆடு?” என்றாள்.

“கயித்த அவுத்து விட்டுடுவோம். கட்டிக் கெடந்தாத்தான் சாவும். அதுகளுக்குத் தெரியும் எங்க போவணும்னு.”

அவ்வளவுதான். ஒரு பிளாஸ்டிக் கைநாற்காலியில் அவளை உட்கார வைத்து, மூன்று பேர் தூக்கி வண்டியில் ஏற்றினோம். கமோடு நாற்காலி, மாத்திரைப் பை, வாக்கர், ஒரு போர்வை. வண்டி கிளம்பியதும் அவள் முதலில் கேட்டது தண்ணீர்.

அடுத்த தெருவில் இன்னொரு வீட்டில் வண்டி நின்றது. இருபத்திரண்டு வயசுப் பையன்; பேச்சு வராது; கூட்டமும் சத்தமும் கண்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். ‘இவன அங்க கொண்டு போயி நாலு பேரு சிரிக்கவா? காத்து அடிச்சா அடிச்சிட்டுப் போவட்டும்’ என்று அவன் தாய் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். தலையாரி கதவுக்கு வெளியே நின்றபடியே, சத்துணவு சாமான் வைக்கிற அறையைக் காலி பண்ணி வைத்திருப்பதாகவும், அதில் அவளும் பிள்ளையும் மட்டும் இருக்கலாம், சாவியை உள்பக்கமாக அவளே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கதவு திறக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. வண்டி காத்திருந்தது. அந்தப் பத்து நிமிஷம் காத்திருக்க முடிந்ததற்கு ஒரே காரணம், மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. ராத்திரி ஒன்பது மணியாக இருந்திருந்தால் யாரும் யாருக்காகவும் நின்றிருக்க முடியாது.

நள்ளிரவுக்குப் பின், 16ஆம் தேதி பிறந்து, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா கரையேறியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. ஒரு பக்கமிருந்து அடித்து, சற்று ஓய்ந்து, மறுபக்கமிருந்து திரும்பி அடித்தது. விடிந்து போய்ப் பார்த்தபோது அத்தை வீட்டுக் கூரையின் மேல் வேப்பமரம் கிடந்தது. ஓடுகளும் சட்டங்களும் கட்டிலின் மேலே குவிந்திருந்தன. ஆடுகளில் ஒன்று மட்டும் திரும்பி வந்தது. ஊரில் நிமிர்ந்த தென்னை எண்ணக்கூடிய அளவில்தான் மிஞ்சியது. பிற்பாடு அத்தையைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னது மரம் விழுந்த கதையை இல்லை. அங்கே தனக்கென்று திரை கட்டியிருந்ததைத்தான்.

தலையாரியின் வாக்கியத்தைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். ‘நாக்காலியோட வாங்க.’ நம் இலக்கணத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ‘ஆல்’ என்ற கருவிப்பொருளும் ‘ஓடு’ என்ற உடனிகழ்ச்சிப் பொருளும் ஒரே மூன்றாம் வேற்றுமைக்குள் அடங்குகின்றன. நன்னூல் ஆல், ஆன், ஒடு, ஓடு என்று நான்கையும் சேர்த்தே சொல்கிறது. தொல்காப்பியமோ அந்த வேற்றுமைக்குப் பெயரே ஒடு என்று வைத்திருக்கிறது. புயலுக்குப் பிந்திய அறிக்கைகள் எழுதப்படுவது முழுக்க முழுக்க ‘ஆல்’ உருபில். அரசால், படையால், குழுக்களால் இத்தனை ஆயிரம் பேர் நகர்த்தப்பட்டனர். வீட்டுக்குள் இருப்பவர் கேட்பதோ ‘ஓடு’ உருபில். யாரோடு போவது? எதோடு போவது? மாத்திரையோடு, பிள்ளையோடு, ஆட்டோடு, மானத்தோடு போக முடியுமா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிறவரை எந்த ‘ஆல்’ வந்தாலும் கதவு திறக்காது. பலவந்தமாகத் திறந்தால்தான் உண்டு.

பலவந்தமாகத் திறக்கலாமே, உயிர் முக்கியமில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பலவீனமான உடம்புகளைப் பொறுத்தவரை, நகர்த்துவதே கொல்லக்கூடியது என்ற உண்மையை இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2005 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ரீட்டா என்ற சூறாவளிக்கு அஞ்சி ஒரு முதியோர் இல்லத்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். டல்லஸ் அருகே பஸ் தீப்பற்றியது. உள்ளே ஆக்ஸிஜன் உருளைகள் இருந்தன. தாமாக இறங்க முடியாதவர்களில் 23 பேர் கருகிச் செத்தார்கள். 2011 மார்ச்சில் ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும் அணு உலை விபத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தபோது, உலைக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்த ஒரு மருத்துவமனையின் படுக்கை நோயாளிகளை அவசரமாகப் பஸ்களில் ஏற்றி, பல மணி நேரம் கொண்டுபோனார்கள். வழியிலும் போய்ச் சேர்ந்த பின்னும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களைக் கதிர்வீச்சு கொல்லவில்லை. குளிரும் தண்ணீரில்லாமையும் அவர்களை அறிந்த தாதிகள் கூட இல்லாமையும் கொன்றன. மினாமிசோமா நகரின் முதியோர் இல்லங்களைப் பற்றி 2013இல் வந்த ஆய்வு, நகர்த்தப்பட்டவர்களின் இறப்பு விகிதம் முன்பிருந்ததைப்போல 2.7 மடங்கு ஆனதாகக் காட்டிற்று. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: எல்லா இல்லங்களிலும் இறப்பு ஒரே அளவில் ஏறவில்லை, நிதானமாக, பராமரிப்பவர்கள் தொடர, நகர்த்தப்பட்ட இடங்களில் நிலைமை மேலாக இருந்தது.

நகர்த்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே 2005ஆம் ஆண்டே சாட்சி. ஆகஸ்ட் 29இல் கத்ரீனா வந்தபோது லூசியானா மாநிலத்தில் செத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 75 வயசைத் தாண்டியவர்கள். நகரத்தைக் காலி பண்ணுங்கள் என்ற உத்தரவு, எல்லோரிடமும் ஒரு காரும் அதை ஓட்ட ஒரு ஆளும் இருப்பதாக நினைத்துக்கொண்டது. மொழி வேறு, தேசம் வேறு. ஆனால் வாக்கியம் நம்முடைய ‘செல்லுமாறு’தான். அங்கே இன்னொன்றும் தெரியவந்தது. நாயையும் பூனையையும் விட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கியவர்கள் பலர். அடுத்த ஆண்டே, 2006இல், வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் எடுத்துத்தான் திட்டம் போட வேண்டும் என்று ஒரு சட்டம் செய்தார்கள். வங்கதேசத்தில் கரையோரங்களில் ‘கில்லா’ என்ற பெயரில் மண்மேடுகள் உண்டு. மாடு கன்றுகள் ஏறி நிற்பதற்கு. ஆட்டைப் பற்றிய அத்தையின் கேள்வி ஒரு கிழவியின் அசட்டுப் பாசம் இல்லை என்பதை இரண்டு தேசங்கள் இப்படி ஒப்புக்கொண்டிருக்கின்றன.

எனவே போ என்பதும் தவறு, பிடித்துத் தள்ளு என்பதும் தவறு என்ற இடத்துக்கு வந்து நிற்கிறோம். இது ஏதோ தத்துவச் சிக்கல் என்று நினைத்துக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. விடை ரொம்ப ஸ்தூலமானது. அது பெரிதும் நேரத்தைப் பற்றிய விடை. வழக்கமாக முதலில் கிளம்புகிறவர்கள் நடக்கக் கூடியவர்கள். அவர்கள் போன பிறகு, காற்றும் ஏறி, மின்சாரமும் போனபிறகு, மிஞ்சியவர்களைத் தேடி ஒரு படை வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். மெதுவாக நகரக்கூடியவர் முதலில் கிளம்ப வேண்டும். இப்போதெல்லாம் புயல் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே சொல்லிவிட்டு வருகிறது. அந்த அவகாசத்தை நாம் படகுகளுக்கும் மின்கம்பங்களுக்கும் செலவிடுவதில் தப்பில்லை. கட்டிலில் கிடப்பவர்களுக்கும் அதில் ஒரு பகல் ஒதுக்க வேண்டும்.

அடுத்தது, ஆள். வங்கதேசத்தில் 1970 சாவுக்குப் பின், 1972இல் தொடங்கப்பட்ட தொண்டர் அமைப்பில் இன்று 76 ஆயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள்; பாதிப்பேர் பெண்கள். கொடியேற்றுகிறார்கள், கையால் சுழற்றும் சங்கை ஊதுகிறார்கள், மெகாபோனில் கூவுகிறார்கள். கொடி காது கேளாதவருக்கும் தெரியும், சங்கு கண் தெரியாதவருக்கும் கேட்கும் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், கதவைத் தட்டுகிறவள் அதே ஊர்க்காரி என்பது. எந்த வீட்டில் யார் கிடக்கிறார்கள், எவளுக்கு இது எத்தனையாவது மாசம், எந்தக் கிழவருக்குக் காது மந்தம் என்பது அவளுக்குப் பட்டியல் பார்க்காமலே தெரியும். ஒடிஸாவின் எண்ணூறுக்கும் மேற்பட்ட புயல் காப்பிடங்களைப் பற்றிப் பேசும்போது கான்கிரீட்டைப் பற்றியே பேசுகிறோம். 1999க்குப் பின் கான்கிரீட்டோடு சேர்ந்து ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற ஆட்களும் உண்டானார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டிடம் காத்திருக்க மட்டும்தான் முடியும். யாராவது அதுவரைக்கும் கூட நடக்க வேண்டும்.

மூன்றாவது, அந்த மூன்று படிகள். ஒரு சாய்தளம், ஒரு கைப்பிடிக் கம்பி, உட்காரக்கூடிய ஒரு கழிப்பறை, ஒரு திரை. புயலை எதிர்க்கிற ஆயுதங்கள் என்று இவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கஜாவுக்கு முன் தமிழ்நாட்டில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 400க்கும் மேற்பட்ட முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள் என்று அறிவிக்கப்பட்டது. மெச்ச வேண்டிய எண். ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்திகள் இருந்தாலொழிய அது முழுமையாகாது என்பது என் அபிப்பிராயம்: வர மறுத்தவர்கள் எத்தனை பேர்; அவர்கள் சொன்ன காரணம் என்ன. இரண்டாவது பத்தியை ‘பிடிவாதம்’ என்று எழுதி நிரப்பக் கூடாது. அங்கே கழிப்பறை என்று எழுத வேண்டியிருக்கும், ஆடு என்று, பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று, போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொன்றும் அடுத்த புயலுக்கு முன் செய்து முடிக்கக்கூடிய வேலை.

அந்த எச்சரிக்கை வாக்கியத்தையும் மாற்றலாம். மாற்றினால் காற்று நின்றுவிடப் போவதில்லை. தலையாரிகள் பெருகிவிடவும் மாட்டார்கள். இருந்தாலும் ஒரு சமூகம் ஆபத்தில் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது அதன் வினைமுற்றில் தெரிந்துவிடுகிறது. செல்லுங்கள் என்று முடிகிற வாக்கியம் கேட்பவரைத் தனியாக விட்டுவிடுகிறது. அதை நான் இப்படி எழுதுவேன்: ‘நாளை இரவு புயல் வருகிறது. உங்கள் தெருவில் தானாக நடக்க முடியாதவர் யார்? இன்று பகலிலேயே அவரோடு கிளம்புங்கள்.’